காரணம் எதுவானாலும்

ஜூன் 3, திங்கள்

இந்த நோட்டு நான் ஆசைப்பட்டு வாங்கினது இல்லை. ஆய்வு நடத்துகிற டாக்டர் வைதேகி ஆளுக்கொன்று கொடுத்தார். ஃபார்மில் எழுத இடமில்லாததை இதில் எழுதிக்கொள்ளலாமாம், யாரும் வாங்கிப் படிக்க மாட்டார்களாம். “மனசுல படுறதை எழுதுங்க சிஸ்டர்” என்றார். இன்றைக்கு மனசில் பட்டது இதுதான்: பயிற்சி நடந்த ஹாலில் எட்டு மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இடுப்பு போய்விட்டது.

வேலை என்னவென்றால், பிரசவ அறையில் ஓரமாக உட்கார்ந்து, பிள்ளை பெற வந்தவளை அங்கே இருக்கிறவர்கள் எப்படி நடத்துகிறார்கள் என்று குறிக்க வேண்டும். அடித்தார்களா, கிள்ளினார்களா, திட்டினார்களா, திரை போடாமல் வைத்திருந்தார்களா, சொல்லாமல் கொள்ளாமல் கையை விட்டுப் பரிசோதித்தார்களா. மொத்தம் நாற்பத்திரண்டு கேள்வி. உயிருக்கு ஆபத்து என்றால் ஒழிய நாம் வாயைத் திறக்கக் கூடாது. ஆஸ்பத்திரிகளுக்குப் பெயர் கிடையாது, மையம் ஒன்று, மையம் இரண்டு என்று எண்தான். எனக்கு மூன்று. நல்ல வேளை, நான் வேலை பார்த்த இடம் இல்லை.

முப்பத்தொரு வருஷம் ஸ்டாஃப் நர்ஸ், அதில் பத்தொன்பது வருஷம் லேபர் வார்டு. ரிட்டயர் ஆகி இரண்டு வருஷமாக வீட்டில் கறிவேப்பிலைச் செடியோடு பேசிக்கொண்டிருந்தவளுக்கு இது ஒரு பொழுதுபோக்கு என்றுதான் ஒத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தால் வீட்டுக்காரர் மோட்டார் போட மறந்துவிட்டு டி.வி. பார்த்துக்கொண்டிருக்கிறார். தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

ஜூன் 6, வியாழன்

இன்று வீடியோ போட்டுக் காட்டினார்கள். நடிக்கிறவர்களை வைத்து எடுத்த பிரசவம். அந்தப் பெண் முக்குகிற முக்குக்குப் பிள்ளை அடுத்த வருஷம்தான் வரும். நர்ஸாக நடித்தவள் அவள் தொடையில் இரண்டு தட்டுத் தட்டினாள். எல்லோரும் ‘அடித்தல்’ என்று குறித்தார்கள். நான் குறிக்கவில்லை.

“ஜெபக்கனி சிஸ்டர், நீங்க ஏன் குறிக்கலை?” என்று கேட்டார் வைதேகி மேடம்.

“அது அடி இல்ல மேடம், தட்டு. தலை வந்து நிக்கும்போது தாய்க்காரி சோர்ந்து போயிருவா. உசுப்பி விடணும்லா. இல்லேன்னா பிள்ளைக்கு மூச்சு முட்டிரும்.”

மேடம் சண்டைக்கு வரவில்லை. ஒன்பதாவது கேள்வியை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்: “தொடை, கன்னம், முதுகு முதலிய இடங்களில் கையால் அடித்தல் (காரணம் எதுவானாலும்).” அடைப்புக்குறிக்குள் இருப்பதை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். அறுபத்திரண்டு வயதில் பாடம் ஒப்பிக்கிறேன்.

இதை எழுதினவர் ஒரு நாள், ஒரே ஒரு நாள், மூன்று கட்டிலிலும் ஒரே நேரத்தில் தலை தெரிகிற வார்டில் ஒற்றை ஆளாக நின்று பார்த்திருக்க வேண்டும்.

ஜூன் 11, செவ்வாய்

முதல் நாள் வார்டு. கூட ஷர்மிளா பானு என்கிற பிள்ளை, மேலப்பாளையத்துக்காரி, இருபத்து நாலு வயது, சமூகவியல் படித்தவள், கல்யாணம் ஆகவில்லை. ரத்தத்தைப் பார்த்ததும் மயங்கி விழுவாள் என்று எதிர்பார்த்தேன். விழவில்லை.

ஆரம்பத்தில் ஒரே பிரசவத்தை இரண்டு பேரும் தனித்தனியாகப் பார்த்துக் குறிக்க வேண்டும். அப்புறம் இரண்டு ஃபார்மையும் ஒப்பிட்டு எவ்வளவு பொருந்துகிறது என்று மார்க் போடுவார்கள். நூற்றுக்கு அறுபதாவது வர வேண்டும். பானு கட்டிலின் தலைமாட்டுப் பக்கம் நாற்காலி போட்டுக்கொண்டாள். நான் பழக்கதோஷத்தில் கால்மாட்டுக்குப் போய்விட்டேன்.

நான் கவனித்தவை: பிள்ளை கழுத்தில் கொடி ஒரு சுற்று, நர்ஸ் குணவதி அதை அழகாகத் தலை வழியாகக் கழற்றினாள், நஞ்சுக்கொடி முழுசாக வந்தது, தையல் மூன்று. பானு குறித்தவை: தொடையில் அடி இரண்டு, “வாய மூடுட்டி” ஒன்று, திரை திறந்தே கிடந்தது, ஆண்கள் இரண்டு பேர் ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டு உள்ளே பார்த்தபடியே போனார்கள்.

எல்லாம் என் கண் முன்னால்தான் நடந்ததாம். சத்தியமாக நான் ஒன்றையும் பார்க்கவில்லை.

மார்க் நாற்பத்தொன்று. மாதக் கடைசிக்குள் அறுபது வராவிட்டால் நன்றி சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம்.

ஜூன் 12, புதன்

மகள் ஜெனிலாவுக்கு ஏழு மாதம் முடியப் போகிறது. மாப்பிள்ளை ஆன்றோ கப்பலில் இருக்கிறார், வர அக்டோபர் ஆகும். முதல் பிரசவம் மாதிரி இதற்கும் இங்கேதான் வருவாள் என்று மெத்தையை வெயிலில் போட்டுத் தட்டிக்கூட வைத்துவிட்டேன். போன் பண்ணினேன்.

“ஞாயித்துக்கிழமை அப்பாவ அனுப்பட்டா, கூட்டிட்டு வர?”

“வேண்டாம்மா. இங்கயே பாத்துக்கிடுதேன். அத்தை இருக்காவல்லா.”

“உங்க அத்தைக்கு என்னட்டி தெரியும்? நர்ஸா இருந்த பெத்த தாய் இங்க குத்துக்கல்லு மாதிரி இருக்கேன்.”

“அதாம்மா” என்றாள். ஜோயல் அழுகிறான் என்று சொல்லி வைத்துவிட்டாள். பேரன் அழுகிற சத்தம் எதுவும் எனக்குக் கேட்கவில்லை.

இது சம்பந்தி ரோஸ்மேரி ஓதிவிட்டதுதான். மருமகளை இரண்டாவது பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அனுப்பாமல் வைத்துக்கொண்டால் ஊர் என்ன சொல்லும்? திசையன்விளையில் அவளுக்குப் பெருமை, பாளையங்கோட்டையில் எனக்குத் தலைக்குனிவு. ராத்திரி சோறு இறங்கவில்லை.

ஜூன் 15, சனி

ஐம்பத்து மூன்று மார்க். மாவு புளித்துவிட்டது.

ஜூன் 19, புதன்

இன்று என் பக்கம் காற்று வீசியது. பிள்ளை பிறந்த பிறகு குணவதி அந்தப் பெண்ணின் அடிவயிற்றைப் பிசைந்தாள். அவள் வலியில் கத்தினாள். பானு ‘உடல்ரீதியான வன்முறை’ என்று குறித்துவிட்டாள்! கர்ப்பப்பை சுருங்க வேண்டும், பிசையாவிட்டால் ரத்தம் போய் ஆளே போய்விடும். எனக்குத் தெரிந்து இரண்டு பேர் அப்படிப் போயிருக்கிறார்கள். மீட்டிங்கில் எழுந்து நின்று சொன்னேன். பானு முகம் சிவந்து, தன் ஃபார்மைத் திருத்திக்கொண்டாள். எனக்குக் குளுகுளுவென்று இருந்தது.

அப்போது மேடம் கேட்டார்: “பிசையறதுக்கு முன்னாடி, இப்படிச் செய்யப்போறேன், வலிக்கும்னு அந்தம்மாகிட்ட சொன்னாங்களா?”

சொல்லவில்லை. அது இருபத்தேழாவது கேள்வி. இரண்டு பேருமே அதைக் குறிக்காமல் விட்டிருந்தோம்.

ஜூன் 24, திங்கள்

அறுபத்தாறு. தப்பித்தேன்.

எப்படி வந்தது என்பதை இங்கே மட்டும் எழுதுகிறேன். பானு பேனா அசைகிறபோதெல்லாம் நானும் நிமிர்ந்து பார்க்கிறேன், அவ்வளவுதான். பார்த்தால் ஏதாவது ஒன்று நடந்துகொண்டிருக்கிறது.

மத்தியானம் சாப்பிடும்போது அவளிடம் ஜெனிலாவின் முதல் பிரசவக் கதையைச் சொன்னேன். மூன்று வருஷம் முன்னால், என் வார்டில், என் டியூட்டியில், நானே பார்த்தேன். சொந்த மகள் என்று ஒரு சலுகை காட்டவில்லை. மற்றவர்களை எப்படிப் பார்ப்பேனோ அப்படியேதான். ‘ஜெபக்கனி சிஸ்டர் மகளுக்கும் அதே ஏச்சுதான்’ என்று வார்டே ஒரு மாதம் பேசியது. பிள்ளை மூணே கால் கிலோ.

பானு, “ஜெனிலாக்கா என்ன சொன்னாங்க?” என்று கேட்டாள்.

“அவ என்னத்த சொல்லுவா? பிள்ளை மூஞ்சியப் பாத்தா எல்லாம் மறந்துரும்லா.”

பானு பாதி டிபனை அப்படியே மூடிவைத்துவிட்டாள். லெமன் சாதம், நன்றாகத்தான் இருந்தது.

ஜூலை 2, செவ்வாய்

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கிளம்புகிற நாற்பது பேரிடம் கேட்டதில் முப்பத்தெட்டுப் பேர், “நல்லா பாத்துக்கிட்டாங்க” என்று சொல்லியிருக்கிறார்கள். அதே நாற்பது பேரில் இருபத்தாறு பேருக்கு அடி விழுந்ததாக எங்கள் ஃபார்ம் சொல்கிறது. “பாத்தியளா மேடம், வாங்கினவளே வாங்கலேங்கா, நமக்கு என்ன?” என்றேன். மேடம் சிரிக்கவில்லை. கையில் பிள்ளை, பக்கத்தில் நர்ஸ், டிஸ்சார்ஜ் சீட்டு இன்னும் வரவில்லை, இதில் யார் வாயைத் திறப்பார்கள் என்று கேட்டார். அதனால்தான் ஆறு வாரம் கழித்து அவரவர் வீட்டுக்கே போய்த் திரும்பக் கேட்கப் போகிறோம்.

அதற்கு விதிகள்: கேள்வியை எழுதியிருக்கிறபடி மட்டுமே வாசிக்க வேண்டும். விளக்கம் சொல்லக் கூடாது. மறுத்துப் பேசக் கூடாது. முகத்தில் ஒன்றும் காட்டக் கூடாது. சனி ஞாயிறுக்குள் வீட்டில், சொந்தத்தில், பிள்ளை பெற்ற யாராவது ஒருவரிடம் கேட்டுப் பழகிவிட்டு வர வேண்டும். அந்த ஃபார்ம் கணக்கில் சேராது.

வேறு யாரைத் தேடுவது? ஜெனிலாதான். அந்தச் சாக்கில் அவளை நேரில் பார்த்து, கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடலாம்.

ஜூலை 6, சனி

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

காலை பதினோரு மணிக்குத் திசையன்விளை போய்ச் சேர்ந்தேன். ரோஸ்மேரி பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். ஜோயல் தூங்கிக்கொண்டிருந்தான். ஜெனிலாவுக்குக் கால் லேசாக வீங்கியிருந்தது, உப்பைக் குறை என்றேன். ஃபார்ம் விஷயத்தைச் சொன்னேன்.

“ஜோயல் பொறந்ததப் பத்தியா கேக்கணும்?”

“அதப் பத்திதான். சும்மா பழக்கத்துக்கு மக்கா.”

“சரி. உங்க மேடம் சொன்ன மாதிரியே கேளு. நடுவுல பேசக் கூடாது.”

முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. பெற்ற மகளிடம் “உங்கள் பெயர்? வயது? படிப்பு?” என்று கேட்கிறேன். அவளும் எம்.காம். என்று அடக்கமாகச் சொன்னாள். பிறகு ஐந்தாவது கேள்வி: “பிரசவத்தின்போது உங்களுக்கு ஆதரவாக யாராவது உடன் இருந்தார்களா?”

“இல்ல.”

நிமிர்ந்து பார்த்தேன். விளையாட்டுக்குச் சொல்கிற முகமாக இல்லை. “எழுதும்மா” என்றாள். ‘இல்லை’ என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.

ஒன்பதாவது கேள்வியை வாசித்தேன். தொடை, கன்னம், முதுகு, காரணம் எதுவானாலும், அவ்வளவையும்.

“ஆமா.”

“யார்? டாக்டர், நர்ஸ், ஆயா, மற்றவர்.”

“நர்ஸ்.”

“எத்தனை முறை?”

“மூணு. ரெண்டு தொடையில. ஒண்ணு கன்னத்துல.”

கன்னத்தில் இல்லைட்டி என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பேசக் கூடாது. மூன்று என்று எழுதினேன். அடுத்த கேள்வி, கேலியாகவோ இழிவாகவோ பேசினார்களா, பேசியிருந்தால் அவர்கள் சொன்னதை அப்படியே எழுத வேண்டும்.

ஜெனிலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “நான் வலி தாங்க முடியாம அம்மான்னு கத்தினேன். அந்த நர்ஸ், ‘புருசன்கிட்ட போவும்போது மட்டும் இனிச்சுதாட்டி’ன்னு கேட்டாவ. பக்கத்துக் கட்டில்ல ரெண்டு பேர் இருந்தாவ. ஆயா சிரிச்சா.”

அதை அப்படியே எழுதினேன். என் கையெழுத்து எப்போதும் அச்சுக் கோத்த மாதிரி இருக்கும், வார்டு ரிப்போர்ட்டுக்குப் பேர் போனது. அந்த வரி மட்டும் கோணிக்கொண்டு போயிருக்கிறது. மகள் என்னை ‘அந்த நர்ஸ்’ என்று சொல்கிறாள், அதிலும் மரியாதை விட்டுவிடாமல் ‘கேட்டாவ’ என்கிறாள். அதற்கு அவள் என்னை நாலு திட்டுத் திட்டியிருக்கலாம்.

முப்பத்தொன்பதாவது கேள்வி: “இதை நீங்கள் யாரிடமாவது சொன்னீர்களா?”

“இல்ல.”

“சொல்லாததற்குக் காரணம் என்ன? பயம், வெட்கம், பயனில்லை என்ற எண்ணம், வேறு.”

“வேறு” என்றாள். வேறு என்றால் என்னவென்று எழுத இரண்டு வரி இடம் விட்டிருக்கிறார்கள். பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

“எதுன்னாலும் நான் எங்க அம்மாகிட்டதான் சொல்லுவேன். இத யார்கிட்ட போய்ச் சொல்ல?”

எழுதினேன். இரண்டு வரி போதுமாக இருந்தது. மீதி மூன்று கேள்வியையும் கேட்டேன். கடைசியில் உங்கள் நேரத்துக்கு நன்றி என்று வாசிக்க வேண்டும், அதை மட்டும் வாசிக்காமல் ஃபார்மை மடித்தேன்.

“முடிஞ்சுதா? இரு, டீ போடுதேன்” என்று எழுந்து போனாள். டீயைக் குடித்தேன். கூட்டிக்கொண்டு போக வந்தேன் என்பதைச் சொல்லவே இல்லை.

ஜூலை 7, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. தலைவலி என்றேன்.

ஜூலை 9, செவ்வாய்

தொடை சரி, ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பேச்சும் வந்திருக்கும், எல்லோரும் பேசுகிறதுதான், வாயில் தானாக வந்துவிடும். ஆனால் கன்னத்தில் அடிக்கவில்லை. இரண்டு நாளாகப் பாத்திரம் கழுவும்போதும் துணி மடிக்கும்போதும் இதே யோசனை. சாயங்காலம் வீட்டுக்காரரிடம் கேட்டேன், ஜோயல் பிறந்த அன்றைக்கு நான் வெளியே வந்து என்ன சொன்னேன் என்று.

“‘ஆம்பளப் பிள்ளை’ன்னு சொன்ன.”

“அதுக்கு அப்புறம்?”

“‘நடுவுல சொக்கிப் போயிட்டா, கன்னத்துல ஒண்ணு குடுத்தேன், முழிச்சிட்டா’ன்ன. சிரிச்சிக்கிட்டே சொன்ன.” டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டு, “நான் அன்னைக்கே கேட்டிருக்கணும்” என்றார்.

அவர் அவ்வளவு பேசி வருஷக்கணக்காகிறது.

ஜூலை 13, சனி

கணக்குப் போட்டுப் பார்த்தேன். போட்டிருக்கக் கூடாது. லேபர் வார்டு பத்தொன்பது வருஷம். லீவெல்லாம் கழித்து வருஷத்துக்கு இருநூற்று ஐம்பது டியூட்டி. டியூட்டிக்கு இரண்டு பிரசவம் என்று குறைத்து வைத்தாலும் ஒன்பதாயிரத்து ஐந்நூறு. மையம் மூன்றில் நாற்பதுக்கு இருபத்தாறு. அதே வீதத்தில் வைத்தால்

வேண்டாம்.

அந்தப் பெண்களில் ஒருத்தி முகமாவது ஞாபகம் வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. எத்தனையோ தையல் ஞாபகம் இருக்கிறது, ரெட்டைப் பிள்ளைகள் ஞாபகம் இருக்கிறது, பத்து விரலுக்குப் பதில் பன்னிரண்டு விரலோடு பிறந்த பிள்ளையைக்கூட ஞாபகம் இருக்கிறது.

அடைக்கு ஊறப்போட்ட பருப்பு ஊறிக்கொண்டே கிடந்தது. இவர்தான் எடுத்து அரைத்தார்.

ஜூலை 16, செவ்வாய்

எண்பத்திரண்டு மார்க். பானு கைகொடுத்தாள்.

வைதேகி மேடத்திடம் தனியாகப் போய்ப் பழகின ஃபார்மை நீட்டினேன். “இதுல ஒன்பதாங் கேள்விக்கு நர்ஸ்னு போட்டிருக்குல்லா மேடம். அது நான்தான். என்னை வேலையிலேருந்து எடுத்துருங்க” என்றேன்.

மேடம் ஃபார்ம் முழுவதையும் வாசித்தார். ரொம்ப நேரம் ஆனது. அழுதுவிடுவாரோ என்று பயந்தேன், எனக்கு அதெல்லாம் தாங்காது.

“நீங்க இதுல எதையாவது மாத்தி எழுதினீங்களா?”

“இல்ல மேடம். அவ சொன்னபடிதான்.”

“அப்போ நாளைக்கு வார்டுக்கு வாங்க” என்றார். “ஆனா உங்க பொண்ணுகிட்ட ஃபார்ம் மட்டும் கேட்டுட்டு வந்துட்டீங்களே சிஸ்டர். நீங்க ஒண்ணும் சொல்லலையா?”

பேசக் கூடாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று சொல்ல வந்தேன். அது ஃபார்ம் முடிகிற வரைக்கும்தான் என்று எனக்கே தெரியும்.

ஜூலை 21, ஞாயிறு

முதல் ஆராதனை முடிந்ததும் திசையன்விளை பஸ்ஸைப் பிடித்தேன். என்ன பேச வேண்டும் என்று ஒரு தாளில் எழுதியும் வைத்திருந்தேன். பைக்குள்ளேயே இருந்தது.

ரோஸ்மேரி வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டு, “வாங்க மதினி, சாப்பிட்டுட்டுத்தான் போகணும்” என்றாள். இவளைத்தான் ஒன்றரை மாதமாக மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். ஜெனிலா பின்கட்டில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். வாளியைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

“அடிச்சேன்ட்டி. கன்னத்துலயும் அடிச்சேன். அப்படிப் பேசவும் செஞ்சேன். நீன்னு இல்ல, எல்லாருக்கும் செஞ்சேன். உனக்குச் செய்யலேன்னா வார்டுல மத்தவ என்ன சொல்லுவாளோன்னு உனக்குக் கூடுதலாவே செஞ்சேன்னு நினைக்கேன். தப்பு. பெரிய தப்பு.”

அவள் ஜோயலின் டவுசரை உதறி, கிளிப் மாட்டினாள். இன்னொன்றை எடுத்தாள்.

“என்னைய வேற யாரும் அடிச்சிருந்தா அன்னைக்கே உங்கிட்ட சொல்லியிருப்பேன், நீ போயி அவள உண்டு இல்லேன்னு ஆக்கியிருப்ப” என்றாள். “மூணு வருசமா அத நினைச்சிப் பாப்பேன்.”

அழுதேன். அவள் அழவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்டால் சரி என்று சொல்லிவிடுவாள், அவள் சுபாவம் அப்படி.

மதியம் கோழிக் குழம்பு. ரோஸ்மேரி நன்றாகத்தான் வைக்கிறாள்.

ஜூலை 30, செவ்வாய்

பானுவிடம் நாற்காலியை மாற்றிக் கேட்டேன். இப்போது நான் தலைமாட்டுப் பக்கம். இன்று வந்தவளுக்குப் பத்தொன்பது வயது இருக்கும், தலைப்பிரசவம். குணவதி கையை ஓங்கியபோதே அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். அடி விழுவதற்கு முன்னாலேயே மூடினாள். அது நாற்பத்திரண்டு கேள்வியில் எதிலும் வராது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

குணவதி கெட்டவள் இல்லை. எட்டு மணியிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காமல் நிற்கிறாள். அதையும் எழுதுகிறேன். ஒன்பதாவது கேள்வியில் டிக் போட்டேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

ஜெனிலா போன். பக்கத்து ஆஸ்பத்திரியில் பிரசவத்தின்போது ஒரு பெண்ணைத் துணைக்கு நிற்க விடுகிறார்களாம். அத்தைக்கு ரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றுமாம்.

“நீ வாரியா?” என்றாள்.

வாய் திறக்குமுன் அவளே சொன்னாள்: “தலைமாட்டுலதான் நிக்கணும். கால்மாட்டுக்கு வரக் கூடாது. எட்டிப் பாக்கக் கூடாது. நர்ஸுக்கு ஒண்ணும் சொல்லிக் குடுக்கக் கூடாது. நீ அங்க நர்ஸ் கிடையாது, சரியா?”

“சரி மக்கா.”

“பொறவு நீ ஏதாவது செஞ்சன்னா வெளிய போன்னு சொல்லிருவேன். எல்லார் முன்னாலயும் சொல்லுவேன்.”

சொல்வாள். என் மகள்தானே.

போனை வைத்ததிலிருந்து நிலைகொள்ளவில்லை. பையில் இரண்டு சேலை எடுத்து வைப்பதும் எடுத்துப் பார்ப்பதுமாக இருக்கிறேன். நான் வாயை மூடிக்கொண்டு நின்ற பிரசவம் என்று ஒன்றுகூட என் சர்வீஸில் கிடையாது. வார்டில் உட்காருவது வேறு, அங்கே கட்டிலில் கிடப்பது என் பிள்ளை இல்லை. பயமாக இருக்கிறது, ஏதாவது சிக்கல் வந்து நான் சும்மா நின்றுவிடுவேனோ என்று. அதைவிடப் பயம், சிக்கல் எதுவும் வராமலே நான் சும்மா நிற்காமல் போய்விடுவேனோ என்று.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

காலை ஆறு மணிக்கு வலி எடுத்து, ஏழரைக்கு நானும் இவரும் போய்ச் சேர்ந்தபோது வார்டுக்குள் கொண்டுபோயிருந்தார்கள். பச்சை கவுன் மாட்டிக்கொண்டு தலைமாட்டில் போய் நின்றேன். அங்கிருந்த நர்ஸ் சின்னப் பெண். நான் யார் என்று அவளுக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை.

முதலில் மனசு தானாகக் குறித்துக்கொண்டிருந்தது. திரை போட்டிருக்கிறது. பரிசோதிக்குமுன் சொன்னாள். “சத்தம் போடாதக்கா” என்று ஒரு தடவை அதட்டினாள், அது பன்னிரண்டாவது கேள்வி. அந்த அதட்டலில் ஜெனிலாவின் கண் சட்டென்று என் பக்கம் திரும்பியது. நர்ஸைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள், நான் என்ன செய்யப்போகிறேன் என்று. அதோடு எனக்கு எண்ணிக்கை விட்டுப்போயிற்று. கையை நீட்டினேன். யோசித்துவிட்டுத்தான் பிடித்தாள்.

கால்மாட்டில் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. கழுத்து அந்தப் பக்கம் இழுக்கிறது, திருப்பவில்லை. முக்கு என்று கத்த வயிற்றிலிருந்து வருகிறது, பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஒரு கட்டத்தில் அவள், “வலிக்குதும்மா” என்றாள்.

இதற்கு என்னிடம் பத்தொன்பது வருஷமாக ஒரே பதில்தான் உண்டு: வலிக்காமப் பிள்ளை வருமா? ஒன்பதாயிரம் பேருக்குச் சொல்லியிருப்பேன். அதுவே நாக்கில் வந்து நின்றது. முழுங்கினேன். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை, அவள் முகத்தைப் பார்த்தேன். நெற்றி முடி ஒட்டிக்கிடந்தது, உதடு காய்ந்து வெடித்திருந்தது, சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் இருக்கிற அதே முகம்.

“ஆமா மக்கா” என்றேன். “ரொம்ப வலிக்கும்.”

அவ்வளவுதான் சொன்னேன். அவள் மூன்று வருஷத்துக்கும் சேர்த்து அழுதாள். என் கையை நெஞ்சோடு வைத்து அழுத்திக்கொண்டு அழுதாள், அழுதுகொண்டே முக்கினாள். அதற்குப் பிறகு நான் அவள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எங்கேயோ தூரத்தில் ஒரு பிள்ளை அழுகிற மாதிரி கேட்டது. அந்த நர்ஸ் என் தோளைத் தொட்டு, “அம்மா, பொம்பளப் பிள்ளை” என்று சொன்ன பிறகுதான் அது எங்கள் பிள்ளை என்று புரிந்தது.

வெளியே வந்தபோது ரோஸ்மேரியும் இவரும் ஓடிவந்தார்கள். பெண் பிள்ளை, இரண்டு பேரும் நல்லா இருக்காங்க என்றேன். கப்பலுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று இவர் போனை எடுத்துக்கொண்டு, “எத்தனை மணிக்குப் பொறந்தா?” என்று கேட்டார்.

லேபர் வார்டில் பிள்ளை வெளியே வந்த நொடியில் கடிகாரத்தைப் பார்த்து உரக்கச் சொல்வதுதான் நர்ஸின் முதல் வேலை. நான் ஒரு தடவைகூடத் தவறினது இல்லை.

“தெரியல” என்றேன். “நர்ஸ்கிட்ட கேளுங்க.”